கோபே நகரின் மீள்திறனுக்கு ஒரே மதிப்பெண் வருமா?

வணக்கம். மருத்துவமனைப் படுக்கை, சாலை நீளம், தனிநபர் வருமானம் மூன்றையும் சராசரியாக்கி ஜப்பானின் கோபே நகரத்துக்கு மீள்திறன் மதிப்பெண் போட்டேன், ஆய்வு வழிகாட்டி ஏற்கவில்லை என்கிறீர்கள். அவர் ஏற்காதது சரிதான். நீங்கள் அளந்தது வசதியை. மீள்திறன் என்றால் அடிபட்ட நகரம் எவ்வளவு சீக்கிரம் எழுந்தது என்பது. அது அதில் இல்லை.

1995 ஜனவரி 17 நிலநடுக்கத்தையே எடுங்கள். மின்சாரம் ஏறக்குறைய ஒரு வாரத்தில் வந்துவிட்டது. குடிநீரும் எரிவாயுவும் முழுதாக வர மூன்று மாதம் போல ஆனது. மக்கள்தொகை பழைய அளவைத் தொட சுமார் பத்தாண்டு. துறைமுகத்தை இரண்டே ஆண்டில் கட்டி முடித்தார்கள், ஆனால் போன சரக்கு திரும்பவில்லை. கொள்கலன் கையாள்வதில் உலகின் முன்வரிசையில் இருந்த இடம் போனது போனதுதான். இதில் எதை எதோடு கூட்டிச் சராசரி எடுப்பீர்கள்? ஒவ்வொன்றுக்கும் தனிக் கோட்டு வரைபடம் போட்டு, சரிவின் ஆழத்தையும் மீண்ட காலத்தையும் குறியுங்கள்.

அப்புறம், நகரம் முழுவதையும் ஒன்றாகப் பார்க்காதீர்கள். நகாதா வட்டாரத்தில் பழைய மரவீடுகளும் சிறு காலணிப் பட்டறைகளும் தீயில் போயின. குழாய் உடைந்து தீயணைப்புக்கும் தண்ணீர் இல்லை. அதே வட்டாரத்தின் மானோ பகுதியில் மக்களே வாளி வாளியாகத் தண்ணீர் கைமாற்றி, அங்கிருந்த தொழிற்சாலையின் தீயணைப்புக் குழுவோடு சேர்ந்து நெருப்பை நிறுத்தினார்கள். 1960களில் ஆலை மாசுக்கு எதிராகத் திரண்ட காலத்திலிருந்தே சேர்ந்து செயல்பட்டுப் பழகியவர்கள். படுக்கை எண்ணிக்கையில் இது எங்கே தெரியும்? குடியிருப்போர் அமைப்புகள், வீடுகளின் வயது, முதியோர் விகிதம் மூன்றையும் வட்டார வாரியாகச் சேர்த்துப் பாருங்கள். வருமானத்தை வேண்டுமானால் பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.