பதில்: கற்றாழைக் கிரீமில் மூன்றே வாரத்தில் பூஞ்சை

வணக்கம் சகோதரி. செங்கோட்டைச் சாரலில், 0.5 சதவீதம் சோடியம் பென்சோயேட் (பூஞ்சையைத் தடுக்கும் பாதுகாப்புப் பொருள்) போட்டும் கிரீமில் கறுப்புப் புள்ளி வருது, பி.எச். (அமிலத்தன்மை அளவு, எண் குறைந்தால் அமிலம் கூடுதல்) 6.2 என்று எழுதியிருக்கீங்க. கோளாறு அந்த 6.2-இல்தான். பென்சோயேட் அளவைக் கூட்டிப் பயனில்லை.

பென்சோயேட் அமில வடிவில் இருந்தால்தான் கிருமியின் செல்லுக்குள் நுழையும். பி.எச். 6.2-இல் நூற்றில் ஒரு பங்குதான் அப்படி இருக்கும், 4.5-இல் மூன்றில் ஒரு பங்கு. சிட்ரிக் அமிலக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, ஒவ்வொரு தடவையும் நல்லாக் கலக்கி அளந்து, 4.5-க்குக் கொண்டு வாங்க. கெட்டிப்படுத்தக் கார்போமர் போட்டிருந்தால் இந்த அமிலத்தில் கூழ் நீர்த்துப்போகும். சாந்தன் கம் என்ற கெட்டிப்பான் தாங்கும். பாக்டீரியாவையும் தடுக்கத் துணையாக பீனாக்ஸிஎத்தனால் என்ற இன்னொரு பாதுகாப்புப் பொருளை 0.8 சதவீதம், கிரீம் 40 டிகிரிக்குக் கீழே ஆறினதும் சேருங்க. 1 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம்.

வைட்டமின் ஈ எண்ணெயில் சிக்குவாடை வராமல் காக்கும், அவ்வளவுதான். கிருமியை ஒன்றும் செய்யாது.

புள்ளி மேற்பரப்பில், மூடியை ஒட்டித்தானே வருது? சூடாக ஊற்றி உடனே மூடினால் மூடியில் நீர் கோத்துச் சொட்டும். அந்தச் சொட்டில் பாதுகாப்புப் பொருளே கிடையாது, பூஞ்சை அங்கேதான் முதலில் பிடிக்கும். முழுக்க ஆறவிட்டு மூடுங்க. அகலவாய் டப்பாவைவிட பம்ப் பாட்டில் நல்லது. பச்சைக் கற்றாழையை அரைத்து ஊற்றாதீங்க, அதிலேயே கிருமி ஏராளம்.

புனலூர் கடைக்குக் கொடுக்குமுன் அழகுசாதனத் தயாரிப்பு உரிமமும், ஐ.எஸ்.ஓ. 11930 என்ற பாதுகாப்புத்திறன் சோதனையும் அவசியம் முடிச்சிடுங்க. பாக்டீரியா, ஈஸ்ட், பூஞ்சையை வேண்டுமென்றே கிரீமில் கலந்து, 28 நாள் வரை அவை எவ்வளவு குறையுதுன்னு எண்ணிப் பார்ப்பாங்க. கண்ணுக்குச் சுத்தமாகத் தெரியும் கிரீமிலும் சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா இருக்கலாம்.