தீப்பந்தச் சிலம்பம்: எண்ணெயும் காப்பீடும் (கேள்வி பதில்)

ஆடித் திருவிழாக்கள் நெருங்குவதால், தீப்பந்தம் சுற்றும் கலைஞர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் சிலம்பம் கற்பிக்கிறேன். பொதுக் காப்பீட்டு முகவராகவும் இருக்கிறேன்.

கேள்வி: ஆசானே, மண்ணெண்ணெய் கிடைப்பது அரிதாகிவிட்டதால் பெட்ரோலைக் கொஞ்சம் கலந்து பந்தத்தை நனைக்கிறோம். சரிதானா? (வாடிப்பட்டி)

பதில்: ஒரு சொட்டும் கலக்காதீர்கள். எரிவது எண்ணெய் அன்று, அதிலிருந்து எழும் ஆவி. மண்ணெண்ணெய் ஏறத்தாழ 38 டிகிரிக்குச் சூடேறினால்தான் பற்றக்கூடிய அளவுக்கு ஆவியை விடும். பெட்ரோலோ தண்ணீரின் உறைநிலைக்கும் 40 டிகிரி கீழேயே விட்டுவிடும். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது என்பதால் தரையோடு தவழ்ந்து, தொலைவில் எரியும் அகல்விளக்கு வரை போய், பற்றியபின் வந்த வழியே கேனுக்குத் திரும்பும். கலந்த எண்ணெயைப் பெட்ரோலாகவே கருத வேண்டும். தனி மண்ணெண்ணெயும் சித்திரை வெயிலில் 38 டிகிரியைத் தாண்டிவிடும் என்பதால், கேன் மூடியோடு நிழலில், களத்திலிருந்து குறைந்தது 30 அடி தள்ளி இருக்கட்டும்.

நனைத்த பந்தத்தை அப்படியே எடுத்துக்கொண்டு ஓடாதீர்கள். தகர டின்னுக்குள் தொங்கவிட்டு, சொட்டுவது நின்றபின் பிழிந்து, பற்றவைக்காமலே ஆளில்லாத பக்கம் நான்கு சுற்றுச் சுற்றுங்கள். மண்ணில் கரும்புள்ளிகள் விழுந்தால் இன்னும் பிழிய வேண்டும். அந்தப் புள்ளி ஒவ்வொன்றும் ஆட்டத்தின்போது முன்வரிசைக் குழந்தையின் மேல் விழும் நெருப்புத் துளி.

கேள்வி: 20 ரூபாய் விபத்துக் காப்பீடு எடுத்திருக்கிறேன். அது போதுமா? (சங்கரன்கோவில்)

பதில்: போதாது, ஆனால் அதை விட்டுவிடாதீர்கள். பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டம் 18 முதல் 70 வயது வரையுள்ளவர்களுக்கு, விபத்தில் உயிரிழந்தாலோ முழு ஊனமடைந்தாலோ 2 லட்சம் ரூபாயும், ஒரு கையையோ காலையோ ஒரு கண்ணின் பார்வையையோ இழந்தால் 1 லட்சமும் தருகிறது. மருத்துவமனைச் செலவுக்கு அதில் ஒரு ரூபாயும் இல்லை. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால், சிகிச்சைக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டையை இன்றே வாங்குங்கள்.

தனிநபர் விபத்துக் காப்பீடு எடுப்பவர்கள் விண்ணப்பத்தில் 'தொழில்' என்ற சிறு கட்டத்தைத் தாங்களே நிரப்ப வேண்டும். காப்பீட்டு நிறுவனங்கள் தொழில்களை ஆபத்தின் அளவுப்படி மூன்று வகையாகப் பிரிப்பது வழக்கம். சர்க்கஸ் கலைஞர்கள் மூன்றாம் வகையில் வருவார்கள். நெருப்போடு ஆடுபவரின் இடமும் அதுதான். என்னிடம் பயின்ற ஒருவருக்காக வேறொரு முகவர் அந்தக் கட்டத்தில் 'தனியார் பணி' என்று எழுதிக் கொடுத்தார். பிரீமியம் குறைந்தது. முழங்கை வெந்து மூன்று மாதம் வேலைக்குப் போக முடியாமல் இழப்பீடு கேட்டபோது, தொழிலை மறைத்ததாகக் கூறி நிறுவனம் கைவிரித்துவிட்டது. 'தீப்பந்தம் சுற்றும் மேடைக் கலைஞர்' என்று முழுமையாக எழுதுங்கள். நிறுவனம் மறுத்தால், மறுப்பையும் எழுத்தில் வாங்கிக்கொண்டு அடுத்த நிறுவனத்துக்குப் போங்கள்.

பார்வையாளருக்குக் காயமோ பந்தலுக்குச் சேதமோ ஏற்பட்டால் இவை எதுவும் உதவாது. அதற்குப் பொதுப் பொறுப்புக் காப்பீடு வேண்டும். விழாக் குழு எடுத்திருந்தால் பாலிசியை வாங்கி, விலக்குகள் உள்ள பக்கத்தை முதலில் படியுங்கள். நெருப்பு நிகழ்ச்சிக்கு விலக்கு இருந்தால் அந்தப் பாலிசி உங்களுக்கு வெற்றுக் காகிதம்.

கேள்வி: உரிமைக் கோரிக்கையை நிறுவனம் அநியாயமாக மறுத்தால்?

பதில்: முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் முறையிடுங்கள். 30 நாளில் தீர்வு இல்லையென்றால் சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம்; கட்டணம் இல்லை. ஓராண்டுக் காலக்கெடுவைத் தவறவிடாதீர்கள்.

கேள்வி: வாயில் மண்ணெண்ணெய் வைத்து ஊத எத்தனை மில்லி வேண்டும்?

பதில்: இதற்கு அளவு சொல்ல மாட்டேன். ஊதாதீர்கள்.

கேள்வி: ஐயா, மேற்கண்ட பதில் வருத்தமளிக்கிறது. என் தந்தை 40 ஆண்டுகள் ஊதினார், ஒரு நாளும் சுட்டுக்கொண்டதில்லை. கலையை அழித்துவிடாதீர்கள். (பரமக்குடி)

பதில்: உங்கள் தந்தையின் திறமையை மதிக்கிறேன். ஆனால் நான் அஞ்சுவது தீக்காயத்துக்கு மட்டும் அன்று. மண்ணெண்ணெய் தண்ணீரைப் போலவே எளிதாக ஓடும். பரப்பு இழுவிசையோ அதற்கு மிகக் குறைவு. அதனால் ஒரு சிறு இருமலில் மூச்சுக்குழாய்க்குள் நழுவி, நுரையீரல் முழுவதும் மெல்லிய படலமாகப் பரவிவிடும். அப்போது தொண்டை கரகரப்பதோடு சரி. சில மணி நேரம் கழித்துக் காய்ச்சலும் நெஞ்சுவலியும் மூச்சிரைப்பும் தொடங்கும். மருத்துவர்கள் இதற்குத் தீ ஊதுபவர் நிமோனியா என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். என் மாணவன் ஒருவன் கொடைவிழாவில் ஊதிவிட்டு, சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போய், விடியற்காலையில் உதடு நீலம் பாய்ந்து மருத்துவமனைக்கு வந்தான். எக்ஸ்ரேயில் வலப்பக்க நுரையீரலின் அடிப்பகுதி வெள்ளையாகத் தெரிந்ததை நான் நின்று பார்த்தேன்.

கேள்வி: விழுங்கிவிட்டால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தியெடுக்க வைப்போமே, அது போதாதா? (அதே பரமக்குடி அன்பர்)

பதில்: அதுதான் மிகப் பெரிய ஆபத்து. வயிற்றில் கிடக்கும் எண்ணெய் வாந்தியின்போது நுரையீரலுக்குள் போகும். வாந்தி எடுக்க வைக்காமல், 108 ஐ அழைத்து, விழுங்கியது என்ன என்று சொல்லுங்கள். அருள்கூர்ந்து இதை உங்கள் குழுவினர் அனைவருக்கும் படித்துக் காட்டுங்கள்.

கேள்வி: ரயிலில் இரண்டு லிட்டர் மண்ணெண்ணெய் கொண்டுபோகலாமா?

பதில்: கூடாது. ரயில்வே சட்டத்தின் 164ஆம் பிரிவில் மூன்றாண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. 2023 ஆகஸ்டில் மதுரையில், விதியை மீறி எரிவாயு சிலிண்டர் ஏற்றிய சுற்றுலாப் பெட்டி எரிந்து 9 பேர் இறந்தார்கள்.

கேள்வி: தேங்காய் எண்ணெய் பயன்படுமா? (மட்டக்களப்பு)

பதில்: எளிதில் பற்றாது, பற்றினால் நிதானமாக எரியும். வேகமாகச் சுழற்றினால் அணைந்துவிடும் என்பதால் ஏந்திச் செல்லும் தீவட்டிக்கே ஏற்றது. உங்கள் நாட்டுக் கண்டிப் பெரகரா ஊர்வலத்தில் இரும்புக் கூடையில் கொப்பரைத் தேங்காயை எரித்துச் செல்வதும் இந்தக் காரணத்தால் எனக்குப் பிடிக்கும்.

கேள்வி: பெட்ரோலில் பாதி டீசல் கலந்தால்?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: கால் பங்கு பெட்ரோல் மட்டும்?

பதில்: இல்லை. பெட்ரோல் பற்றி இனி வரும் கேள்விகளுக்கும் இதுவே பதில்.

கேள்வி: என் மகளுக்கு 12 வயது. அலங்காரச் சிலம்பத்தில் மாவட்டப் பரிசு பெற்றவள். இந்த ஆண்டு பந்தம் கொடுக்கலாமா, அண்ணா? (கோவில்பட்டி)

பதில்: 18 வயது நிரம்பும் வரை வேண்டாம், தங்கச்சி. இப்போது அவளுக்குப் பாலியஸ்டர் உடையை விலக்கி இறுக்கமான பருத்தி உடை அணிவிக்கவும், கூந்தலை நனைத்து முடியவும், பிழிந்த ஈரச் சாக்கோடு களத்தோரம் நின்று ஆடுபவரை விட்டுக் கண்ணெடுக்காமல் பார்க்கவும் பழக்குங்கள். தீப்பட்ட இடத்தில் மையோ பற்பசையோ தடவாமல், 20 நிமிடம் ஓடும் தண்ணீரில் காட்ட வேண்டும் என்பதையும் சொல்லிக் கொடுங்கள். எங்கள் குழுவில் எல்லாரும் முதலில் ஏந்தியது அந்தச் சாக்கைத்தான்.