பட்டுப்புழு மனையும் வி.ஆர். கண்ணாடியும்

கேள்வி: அம்மாவுக்கு 72 வயது. பென்னாகரம் பக்கம் பல வருஷம் பட்டுப்புழு வளர்த்தவர். அல்சைமர் என்கிறார் டாக்டர். அப்பா காலமாகிவிட்டார். தலையில் மாட்டினால் அந்த இடத்திலேயே இருப்பதுபோல் காட்டும் வி.ஆர். கண்ணாடி, ஏ.ஐ. இருந்தால் ஞாபகத்தை மீட்கலாம் என்கிறான் என் மகன். வாங்கலாமா?
- வாசகி, தருமபுரி

பதில்: மீட்க முடியாது, நோயும் நிற்காது. மிச்சமிருக்கும் நினைவைத் தொட்டு அம்மாவைப் பேசவைக்கலாம். புதியதைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப் பகுதி இந்த நோயில் தொடக்கத்திலேயே அடிபடும். காலையில் தின்ற களி மறந்தும் புழு மனை மறக்காதது அதனால்தான்.

கண்ணாடியில் காஷ்மீர், கடற்கரை வீடியோக்கள் வேண்டாம். தெரிந்தவர் மனையில் அனுமதி கேட்டு, சுற்றிலும் எல்லாப் பக்கமும் படமெடுக்கும் 360 டிகிரி கேமராவை ஸ்டாண்டில் நாலடிக்குச் சற்றுக் கீழே, உட்கார்ந்தவரின் கண் மட்டத்தில் வையுங்கள். தூக்கிக்கொண்டு நடக்காதீர்கள். கண் 'நகர்கிறோம்' என்னும், உள்காது 'இல்லை' என்னும். குமட்டல் அங்கே தொடங்கும். கூடு கட்டுவதற்கு முந்தைய ஐந்தாம் பருவப் புழு தழை தின்னும்போது எடுங்கள். தூறல் போன்ற அந்தச் சத்தம் படத்தைவிட நன்றாக வேலை செய்யும்.

சாயங்காலம் குழப்பம் கூடும். காலை 10 மணி வாக்கில், கைப்பிடி உள்ள, சக்கரமில்லாத நாற்காலியில் உட்காரவையுங்கள். கண்ணாடி அரைக் கிலோ இருக்கும், முதலில் மடியில் கொடுத்துத் தடவிப் பார்க்க விடுங்கள். படத்தை ஓடவிட்டபின் மாட்டுங்கள், வெறும் இருட்டு பயமுறுத்தும். முதல் நாள் 2 நிமிடம், போகப்போக 10. அதே காட்சி உங்கள் போனிலும் தெரியட்டும். இல்லாவிட்டால் எதைப் பார்த்துச் சிரிக்கிறார் என்றே புரியாது. படத்தில் தெரியும் புழுத் தட்டை எடுக்க எழுந்துவிடுவார், பக்கத்திலேயே இருங்கள். வியர்த்தாலோ கண்ணாடியைப் பிடுங்கினாலோ கழற்றிவிடுங்கள். வலிப்பு, தலைசுற்றல் இருந்தால் டாக்டரைக் கேட்காமல் தொடவேண்டாம்.

'ஞாபகம் இருக்காம்மா?' என்பது பரீட்சை. 'குஞ்சுப் புழுவுக்குத் தழை எவ்வளவு பொடியா நறுக்கணும்?' என்று கேளுங்கள்.

ஏ.ஐ.யிடம்தான் ஜாக்கிரதை வேண்டும். மங்கிய கல்யாண போட்டோவைத் தெளிவாக்கச் சொன்னால் இல்லாத முகத்தை வரைந்துவிடும், அம்மா 'யாரிது?' என்பார். கீறல் நீக்குவதோடு நிறுத்துங்கள். அப்பா பேசுவதுபோல் வீடியோ செய்யவே செய்யாதீர்கள், அவரைத் தேடி வாசலுக்குப் போய்விடுவார். மாத்திரை அலாரத்துக்கும் இயந்திரக் குரல் வேண்டாம், உங்கள் குரலே போதும்.

ஏ.ஐ.க்கு ஏற்ற வேலை ஒன்று உண்டு: அம்மா பேசுவதைப் பதிந்து எழுத்தாக்குவது. நம் ஊர்ப் பேச்சில் தடுமாறும், புழு கூடு கட்டும் தட்டான 'சந்திரிகை'யை யாரோ ஒரு பெண்ணாக்கிவிடும், உட்கார்ந்து திருத்துங்கள். அடுத்து எதைப் படமெடுக்கலாம் என்பது அதில் கிடைத்துவிடும்.