கலாம் வீடும் நினைவிடமும் ஒன்றா?

ஐந்து வயது, ஒன்பது வயதுப் பிள்ளைகளோடு ராமேஸ்வரத்தில் அரை நாள்தான், கலாம் வீட்டுக்குப் போவதா வேண்டாமா என்று கேட்டிருந்தீர்கள். போங்கள். ஆனால் வீடு வேறு, நினைவிடம் வேறு, பலரும் குழப்பிக்கொள்கிறார்கள். வீடு, கோவில் பக்கம் மசூதித் தெருவில். நினைவிடம், ஊருக்கு வரும் வழியில் பேக்கரும்பில்.

வீட்டில் மாடியில்தான் காட்சிக்கூடம். படங்கள், விருதுகள், படிக்க வேண்டிய பலகைகள். சின்னவனுக்குக் கால் மணி நேரத்தில் சலித்துவிடும். கூட்டத்தில் அவன் கையை விடாதீர்கள். பேக்கரும்பில் ஓட இடமுண்டு, அக்னி ஏவுகணை மாதிரியும் உண்டு. அவனுக்கு அதுதான் பிடிக்கும்.

பெரியவளிடம் முன்கூட்டியே ஒரு கதை சொல்லிவிடுங்கள். இரண்டாம் உலகப் போரின்போது ராமேஸ்வரத்தில் ரயில் நிற்காமல் போக, ஓடும் ரயிலிலிருந்து வீசிய செய்தித்தாள் கட்டுகளைச் சிறுவன் கலாம் பொறுக்கிக் கொடுத்துச் சம்பாதித்தார். எங்கள் வீட்டு வாண்டு அந்தத் தெருவில் நடந்தபோது கேட்ட ஒரே கேள்வி: "கட்டு தலையில விழாதா?"

அப்புறம், காலையிலேயே வீட்டை முடித்துவிடுங்கள். மதிய வெயிலில் பிள்ளைகள் படுத்திவிடுவார்கள்.