மோட்டார்ஹோமின் பிளாஸ்டிக் கழிவுநீர்த் தொட்டி கசிகிறது. எபாக்ஸி பூசியும் சில நாளில் உரிந்துவிட்டது. என்ன செய்யலாம்?

எபாக்ஸி தோல் மாதிரி முழுசாக உரிந்து வந்திருந்தால், உங்கள் தொட்டி பெரும்பாலும் பாலிஎதிலீன் என்ற பிளாஸ்டிக். அதில் சாதாரணப் பசை எதுவும் பிடிக்காது, சிலிக்கானும் அப்படித்தான். இந்தத் தொட்டிகள் பெரும்பாலும் ஏபிஎஸ் என்ற இன்னொரு பிளாஸ்டிக்கில் அல்லது பாலிஎதிலீனில் வருகின்றன. இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு என்பதால், எது என்று தெரியாமல் கை வைக்காதீர்கள்.

ஓரத்தில் ஒரு துணுக்கைச் சுரண்டி, ஒரு சொட்டு சோப்பு கலந்த தண்ணீரில் போடுங்கள். மிதந்தால் பாலிஎதிலீன், மூழ்கினால் ஏபிஎஸ். உறுதி செய்ய, அசிட்டோன் நனைத்த துணியால் தொட்டியைத் தேய்த்துப் பாருங்கள். ஏபிஎஸ் என்றால் பரப்பு பிசுபிசுத்து, துணியில் நிறம் ஒட்டும். பாலிஎதிலீனுக்கு ஒன்றும் ஆகாது. நிறத்தை நம்ப வேண்டாம். கறுப்பு பாலிஎதிலீனும் உண்டு.

தொட்டிதான் கசிகிறதா என்பதையும் பாருங்கள். தண்ணீர் அடிப்பக்கமாக ஓடி வேறெங்கோ சொட்டும். அடியைத் துடைத்துக் காயவிட்டு, உணவு நிறம் கலந்த தண்ணீரை ஊற்றி, குழாய் இணைப்பு, வால்வு, அளவுமானி முனை என்று ஒவ்வொன்றிலும் டிஷ்யூ காகிதத்தை ஒற்றுங்கள். பல நேரம் வால்வின் ரப்பர் சீலோடு வேலை முடிந்துவிடும்.

விரிசல்தான் என்றால், தொட்டியைக் காலி செய்து பலமுறை அலசுங்கள். சிறுநீர்க் கழிவு மிச்சமிருக்கும்போது ப்ளீச் ஊற்றவே கூடாது, நச்சுவாயு கிளம்பும். உள்ளே மீத்தேன் தங்கலாம் என்பதால் வெப்பமோ அசிட்டோனோ பக்கத்தில் வருமுன் நன்றாகக் காற்றோட்டம் விடுங்கள். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம்.

இரண்டு வகைக்கும் தொடக்கம் ஒன்றுதான். விரிசலின் இரு முனையிலும் 3 மி.மீ. துளை போடுங்கள், இல்லாவிட்டால் ஒட்டிய பிறகும் அது நீளும். கண்ணுக்குத் தெரியும் முனையைச் சற்றுத் தாண்டியே துளை விழ வேண்டும். பிறகு விரிசல் நெடுக, தடிமனில் பாதிக்கு மேல் ஆழமாக V வடிவப் பள்ளம் செதுக்குங்கள்.

ஏபிஎஸ் சுலபம். பள்ளத்தை ஏபிஎஸ் சிமென்டால் (ஏபிஎஸ் பரப்பைக் கரைத்து ஒட்டும் பசை) நிரப்பி, எல்லாப் பக்கமும் 5 செ.மீ. அதிகமாக வெட்டிய ஏபிஎஸ் தகட்டை, மூலைகளை வட்டமாக்கி, இரு பரப்பிலும் சிமென்ட் பூசி அழுத்துங்கள். சிமென்ட் கிடைக்காவிட்டால் ஏபிஎஸ் துருவலை அசிட்டோனில் கரைத்த கூழ் போதும். 24 மணி நேரம் தொடாதீர்கள்.

பாலிஎதிலீனுக்கு வெல்டிங்தான் நம்பகமான வழி. கழற்றி இறக்க முடிந்தால் இறக்கிவிடுங்கள். தலைக்கு மேலே உருகிய பிளாஸ்டிக்கை அழுத்துவது கடினம். விரிசலின் இருபுறமும் 2 செ.மீ. வரை மேல்தோலைப் பிளேடால் சுரண்டி எடுங்கள். ஆக்சிஜன் பட்டுப் பழுத்த அந்தத் தோல் உருகிச் சேராது. சூடான காற்றுக் கருவியை 270 முதல் 300 டிகிரி செல்சியஸில் வைத்து, பாலிஎதிலீன் வெல்டிங் கம்பியும் தொட்டியும் ஒரே நேரத்தில் பளபளக்கும்போது கம்பியை அழுத்திக்கொண்டே நகருங்கள். கம்பி மட்டும் உருகி தொட்டி உருகாவிட்டால், பார்க்க அழகாக இருக்கும், ஆனால் பிடிமானம் இருக்காது. அதனால் முதலில் கண்ணில் படாத ஓர் இடத்தில் சிறு துண்டு கம்பியை உருக்கி ஒட்டி, ஆறியதும் குறடால் இழுத்துப் பாருங்கள். சுத்தமாகப் பெயர்ந்து வந்தால் சூடு போதவில்லை, இல்லையென்றால் கம்பி வேறு பிளாஸ்டிக். நீளமான விரிசலுக்கு மேலே துருப்பிடிக்காத எஃகு வலையைப் புதைத்து, அதன் மீது இன்னொரு அடுக்கு கம்பி ஓட்டலாம். ஆறும்போது ஈரத்துணி போடாதீர்கள், சட்டென்று குளிர்ந்தால் ஓரத்தில் மறுபடி வெடிக்கும்.

பிறகு காற்றழுத்தம் கொடுக்காமல், தொட்டி நிறையத் தண்ணீர் விட்டு ஓர் இரவு வையுங்கள். 150 லிட்டர் என்றால் 150 கிலோ. அந்தப் பாரத்தில் தாங்கும் பட்டையோ சட்டமோ தொய்கிறதா என்று கீழிருந்து பாருங்கள். வடிகுழாய் தனக்கென ஆதாரமில்லாமல் தொட்டியில் மட்டும் தொங்குகிறதா என்பதும் முக்கியம். அப்படி இருந்தால் வண்டியின் ஒவ்வொரு குலுக்கலும் அந்த இணைப்பில்தான் விழும். குழாயை வண்டிச் சட்டத்தோடு சேர்த்து ஒரு கிளாம்ப் போட்டுவிடுங்கள்.