உரிமைப் போராட்டங்களின் உத்திகளை மாணவர்களுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

தக்கலைப் பக்கம் ஒரு பள்ளியில் சமூக அறிவியல் எடுக்கிறேன். முதல் சில வருஷம் நான் இதை நடத்திய லட்சணத்தைச் சொல்லிவிடுகிறேன். தலைவர் பெயர், ஆண்டு, ஊர், வெற்றி. பிள்ளைகளும் அதை அப்படியே எழுதி மார்க் வாங்கினார்கள். ஒருநாள் புத்தகத்தை மூடச் சொல்லிவிட்டு, “மார்ட்டின் லூதர் கிங் என்னதான் செய்தார்?” என்று கேட்டேன். “நல்லா பேசுனாரு சார்” என்றான் ஒருவன். தப்பு அவன்மேல் இல்லை.

இப்போதெல்லாம் கிங் தலைமையில் நடந்த பஸ் புறக்கணிப்பில் இருந்து தொடங்குகிறேன். அமெரிக்காவின் மான்ட்கமரி நகரத்து பஸ்களில் கறுப்பின மக்களுக்குப் பின் இருக்கைதான். 1955 டிசம்பர் 1 அன்று ரோசா பார்க்ஸ் என்ற கறுப்பினப் பெண் வெள்ளைக்காரருக்கு எழுந்து இடம் தர மறுத்துக் கைதானார். 5ஆம் தேதியிலிருந்து 381 நாள் அந்த மக்கள் பஸ் ஏறவில்லை. இவ்வளவுதான் சொல்வேன். அப்புறம் போர்டில் தக்கலை–நாகர்கோவில் ரோட்டை ஒரு கோடாக இழுத்துவிட்டு, “மக்களே, நாளைக் காலையிலிருந்து நம்ம ஊர்ல யாரும் பஸ் ஏறக் கூடாது. அண்டியாபீஸுக்கு (முந்திரி ஆலைக்கு) போற அக்கா, மீன் கூடையோட வர்ற அம்மா, ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரிக்குப் போற தாத்தா எல்லாரும் எப்படிப் போவாங்க? எழுதுங்க” என்பேன்.

முதல் ஐந்து நிமிடம் சிரிப்புதான். ஷேர் ஆட்டோ, அப்பா பைக், நடை என்று எழுதுவார்கள். ஆட்டோ என்றதும் நான் உள்ளே நுழைவேன். அங்கேயும் கறுப்பின டாக்சிக்காரர்கள் பஸ் கட்டணமான 10 சென்ட்டுக்கே ஆளை ஏற்றினார்கள். உடனே நகர நிர்வாகம் 45 சென்ட்டுக்குக் குறைந்து வாங்கக் கூடாது என்ற விதியைத் தூக்கிப் போட்டது. சரி, இப்போ என்ன செய்வீங்க? சொந்தக் கார்கள் என்பார்கள். அதையும் செய்தார்கள், கிட்டத்தட்ட 300 கார்கள் ரூட் போட்டு ஓடின. பெட்ரோலுக்குக் காசு? காரின் இன்சூரன்ஸை ரத்து செய்தால்? ஒரு வாரப் பெட்ரோல் செலவை நோட்டில் கூட்டச் சொன்னால் வகுப்பு அமைதியாகிவிடும். கணக்கு டீச்சர் பார்த்தால் சந்தோஷப்படுவார்.

போன வருஷம் ஒரு பெண் எழுந்து, “சார், பொம்பளைங்களுக்கு டவுன் பஸ் ஃப்ரீதானே, நாங்க ஏறலன்னா யாருக்கு நஷ்டம்?” என்றாள். ஒரு நிமிடம் திணறிப்போனேன். மான்ட்கமரியில் பஸ் ஏறியவர்களில் முக்கால்வாசிப் பேர் கறுப்பினத்தவர்கள், கம்பெனி ஓடியதே அவர்கள் கொடுத்த காசில்தான் என்பதை நான் சொல்ல மறந்திருந்தேன். பாடத்தின் சாரத்தையே பிடித்துவிட்டாள் அவள்.

கிளாடெட் கோல்வின் பற்றியும் கட்டாயம் சொல்லுங்கள். ரோசா பார்க்ஸுக்கு ஒன்பது மாதம் முன்பே அதே காரணத்துக்காகக் கைதானவர், வயது 15. ஆனால் அவரை முன்னிறுத்திப் போராட்டம் நடத்தத் தலைவர்கள் தயங்கினார்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தங்கள் வயதுக்காரி என்பதால் கோபம் வரும். வரட்டும். தலைவர்கள் செய்தது சரியா என்று அடித்துக்கொள்ளட்டும். கடைசியில் பஸ் பிரிவினைச் சட்டத்தை உடைத்த வழக்கில் வாதிகளில் ஒருவர் அவர்தான் என்பதை விவாதம் முடிந்த பிறகு சொல்லுங்கள்.

தூரத்து ஊர்க் கதையில் எல்லாருமே நியாயவான்கள்தான். நம்ம ஊர் என்று வந்தால்தான் தொண்டை அடைக்கும். நாடார் பெண்கள் மார்பை மறைக்கும் உரிமைக்காக இங்கே நடந்த தோள்சீலைப் போராட்டத்தைப் பாடமாக நடத்திய வருஷம், “சாதியை ஏன் கிளறுறீங்க?” என்று ஒரு பெற்றோர் வந்து சண்டை போட்டார். மேலிடத்திலிருந்தும் “புத்தகத்தோட நிறுத்திக்குங்க” என்றார்கள். அந்த வருஷம் பயந்து விட்டுவிட்டேன். அடுத்த வருஷம் எந்த விளக்கமும் சொல்லாமல் திருவிதாங்கூர் அரசின் உத்தரவுகளை மட்டும் ஆண்டு வரிசையில் போர்டில் எழுதினேன். 1814: கிறிஸ்தவர்களான பெண்கள் குப்பாயம் (ரவிக்கை போன்ற மேல்சட்டை) அணியலாம். 1829: தோள்சீலை அணியக் கூடாது. 1859 ஜூலை 26: நாடார் பெண்கள் மார்பை மறைக்கலாம், ஆனால் மேல்சாதிப் பெண்கள் உடுத்துகிற மாதிரி அல்ல.

இடையில் என்ன நடந்திருக்கும் என்று பிள்ளைகளே கேட்டார்கள். சந்தைக்கு மறைத்துக்கொண்டு போன பெண்களின் துணி கிழிக்கப்பட்டது, மிஷனரிகளின் மனுக்கள், பள்ளிக்கூடங்கள், கடைசியில் சென்னை கவர்னர் ட்ரெவெலியன் கொடுத்த நெருக்கடி எல்லாம் அப்போது சொன்னேன். மனு எதுவும் போடாமல், துண்டை எடுத்துத் தலைப்பாகையாகக் கட்டு, எல்லாரும் ஒரே கிணற்றில் குளியுங்கள் என்று தனி வழி போட்டுக்கொண்ட, அய்யாவழியைத் தொடங்கிய வைகுண்டரை அதற்குப் பக்கத்தில் வைத்தேன். அவருடைய பதி இருக்கும் சாமித்தோப்புக்கு ஒருதடவை கூட்டிக்கொண்டும் போனேன். அங்கே ஆண்கள் தலைப்பாகை கட்டித்தான் உள்ளே போகவேண்டும். ஒரு பையன் திரும்பி வரும்போது வேனிலும் அதை அவிழ்க்கவே இல்லை.

அந்த 1859 உத்தரவுதான் நான் பிள்ளைகள் முன் வைக்கும் முக்கியமான கேள்வி. பாதிதான் கிடைத்திருக்கிறது, வாங்கிக்கொள்வீர்களா, வேண்டாம் என்பீர்களா? கோயில் வீதிகளில் ஒடுக்கப்பட்ட சாதியினர் நடக்கும் உரிமைக்காகப் போராடிய, கேரளத்து வைக்கத்திலும் இதே கதைதான். 1925இல் சத்தியாகிரகம் முடிந்தபோது கோயிலைச் சுற்றிய வீதிகளில் மூன்று பக்கம் திறந்தது, கிழக்கு அடைபட்டே இருந்தது. எங்கள் சுசீந்திரத்திலும் 1926இல் சத்தியாகிரகம் தொடங்கியது. கோயில் எல்லாருக்கும் திறந்தது 1936 நவம்பர் 12 கோயில் நுழைவுப் பிரகடனத்தில். வகுப்பு எப்போதும் இரண்டாகப் பிரியும். நான் தீர்ப்பு சொல்வதில்லை.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். நீ மேல்சாதி, நீ கீழ்சாதி என்று பாத்திரம் பிரித்து நடிக்க வைக்காதீர்கள். நான் ஒருமுறை ஆர்வக்கோளாறில் செய்தேன். ஜூலையில் போட்ட நாடகம் அது. அதில் ஒரு பையனுக்கு ஒட்டிக்கொண்ட பட்டப்பெயரை வகுப்பு விடுவதற்குள் அரையாண்டுப் பரீட்சை வந்துவிட்டது.