கோலத்தை விட்டுவிடவில்லை, நடையை மட்டும் ஏன் விட்டேன்?

கேள்வி: உடற்பயிற்சியை ஆர்வமாக ஆரம்பிக்கிறேன், பத்துப் பதினைந்து நாளில் நின்றுபோகிறது. வருடக்கணக்கில் விடாமல் செய்கிறவர்கள் எப்படிச் செய்கிறீர்கள்?

நான் மதுரைக்காரி. தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் வீடு. ஒரு ஜவுளிக் கடையில் கணக்கு எழுதுகிற வேலை, காலை பத்து மணிக்கு உட்கார்ந்தால் சாப்பாட்டுக்கு எழுந்திருப்பதோடு சரி. 2018-ல் சாதாரணமாக ஒரு ரத்தப் பரிசோதனை செய்ததில் மூன்று மாத சராசரி சர்க்கரை 6.1 என்று வந்தது. 5.7-ஐத் தொட்டாலே சர்க்கரை நோயின் வாசலுக்கு வந்துவிட்டோம் என்று அர்த்தம், 6.5 ஆகிவிட்டால் உள்ளேயே போய்விட்டோம். என் அம்மாவுக்குச் சர்க்கரையால் கால் விரலை எடுத்தார்கள். அந்தப் புண்ணுக்குக் கட்டு மாற்றுவதற்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு அலைந்தவள் நான்தான். அதனால் அந்த 6.1-ஐப் பார்த்ததும் எனக்கு வேறு யாரும் பயம் காட்ட வேண்டியிருக்கவில்லை.

ஆனாலும் பாருங்கள், பயம் ஆரம்பித்து வைக்கத்தான் உதவியது, தொடர்வதற்கு உதவவில்லை. முதலில் ஜிம்மில் ஒரு வருடத்துக்கு மொத்தமாகப் பணம் கட்டினேன், 11 நாள் போனேன். போக, உடை மாற்ற, செய்ய, திரும்பி வர என்று ஒன்றரை மணி நேரம் ஆனது, அந்த ஒன்றரை மணி நேரம் என் நாளில் எங்கேயும் இல்லை, யாரிடமிருந்தாவது பிடுங்கித்தான் எடுக்க வேண்டியிருந்தது. அடுத்து ரப்பர் செருப்போடு நடக்க ஆரம்பித்தேன், இரண்டாவது வாரம் காலையில் கட்டிலிலிருந்து காலை ஊன்ற முடியாத அளவுக்குக் குதிகால் வலி. அதோடு அதுவும் நின்றது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், நின்றுபோனதும் "நமக்கு மன உறுதி இல்லை" என்று முடிவு கட்டிவிடுகிறோம். எனக்கு நின்றது உறுதி இல்லாததால் இல்லை, செருப்பால்.

மூன்றாவது முறை நல்ல ஷூ வாங்கிக்கொண்டு 2019 ஜனவரியில் ஆரம்பித்தேன். ஏழு மாதம் ஒழுங்காகப் போனது, இனிமேல் விடமாட்டேன் என்றே நினைத்தேன். அந்த ஆவணியில் என் மாமனார் இறந்துவிட்டார். துக்க வீடு, உறவுக்காரர்கள், சமையல், வாசலில் கோலம் கிடையாது, நடையும் கிடையாது. பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் காலை என்னை யாரும் எழுப்பவில்லை, ஐந்தேகாலுக்கு எழுந்து வாசல் தெளித்துக் கோலம் போட்டுவிட்டு உள்ளே வந்தேன். நடைக்குப் போகவில்லை. அடுத்த நாளும் கோலம் போட்டேன், போகவில்லை. இப்படியே மூன்று மாதம். ஒருநாள் கோலமாவு டப்பாவை ஷெல்ஃபில் வைக்கும்போது, கீழே தூசி படிந்து கிடந்த ஷூவைப் பார்த்தேன். பதினாறு நாள் நின்ற கோலம் மறுநாளே திரும்பி வந்துவிட்டது, அதே பதினாறு நாள் நின்ற நடை ஏன் வரவில்லை? இந்தக் கேள்விக்குக் கிடைத்த பதிலைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன், மீதி எல்லாம் அதற்குப் பின்னால்தான்.

யோசித்துப் பாருங்கள், கோலம் போடுவதற்கு இன்று மனசு வருகிறதா என்று யாரும் கேட்டுக்கொள்வதில்லை. எழுந்தோம், வாசல் தெளித்தோம், போட்டோம், அவ்வளவுதான். அடுத்தது, அதற்கு அளவு கிடையாது. மார்கழியில் தெருவை அடைத்து 21 புள்ளிக் கோலம் போடுகிறோம், காய்ச்சல் வந்த அன்று நாலு புள்ளி வைத்து ஒரு சுழி சுழித்துவிட்டு வந்து படுத்துவிடுகிறோம். இரண்டுமே கோலம்தான், நாலு புள்ளிக்காரியைப் பார்த்து "இன்றைக்கு நீ போட்டது கணக்கில் வராது" என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் நடைக்கு நான் என்ன செய்து வைத்திருந்தேன்? ஐந்து சுற்று என்றால் ஐந்து சுற்று, முடியாவிட்டால் போகவே வேண்டாம். மூன்றாவது, ஒருநாள் வாசல் வெறுமையாக இருந்தால் எதிர்வீட்டு அக்கா "என்னம்மா, உடம்புக்கு முடியலையா?" என்று கேட்டுவிடுவார். நான் நடக்காமல் இருந்த மூன்று மாதத்தில் ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை, ஏனென்றால் நான் நடப்பது யாருக்கும் தெரியாது.

சரி, என்ன செய்தேன் என்றால், ஷூவைத் துடைத்து, கோலமாவு டப்பாவுக்குப் பக்கத்திலேயே வைத்தேன். கோலத்தின் கடைசி இழையை இழுத்து முடித்ததும் டப்பாவை வைக்கும் கை அப்படியே ஷூவை எடுக்கும். வீட்டுக்குள் திரும்பிப் போவதில்லை என்பது மட்டும்தான் விதி. உள்ளே போனால் சிங்க் கூப்பிடும், ஃபோன் கூப்பிடும், மாவு பொங்கி வழிந்திருக்கும். ஏற்கெனவே தெருவில் நிற்கிறேன், குளித்து ஜோடித்துக்கொண்டு போகிற இடமும் இல்லை, சுடிதாரோடு அப்படியே கிளம்பிவிடலாம். பாலை என் கணவர் காய்ச்சுகிறார். இதைக் கேட்டு வாங்குவதற்கு எனக்கு ஒரு வாரம் ஆனது, கேட்ட அன்றே "சரி, போயிட்டு வா" என்று சொல்லிவிட்டார். பெண்களுக்கு இதைத் தனியாகவே சொல்கிறேன்: காலை நேரத்தில் ஒரு வேலையை வேறு கைக்கு மாற்றாமல் நடையைச் செருகப் பார்க்காதீர்கள். தூக்கத்தைக் குறைத்து நேரம் எடுத்தால் மூன்று வாரத்தில் உடம்பே அதைத் திருப்பி எடுத்துக்கொள்ளும்.

நாலு புள்ளிக் கோலத்துக்குச் சமமாக நடையில் நான் வைத்துக்கொண்டது, தெரு முனையில் இருக்கிற பிள்ளையார் கோயில் வரை போய்த் திரும்புவது. ஆறு நிமிடம். தலைவலியா, விருந்தாளியா, தூறலா, அங்கே போய்த் திரும்பினால் அன்றைய கணக்கு முடிந்தது. பெரும்பாலான நாள் கோயில் வரை போனதும் கால் தானாகத் தெப்பக்குளத்துப் பக்கம் திரும்பிவிடும். திரும்பாத நாளும் உண்டு, அதற்காக நான் வருத்தப்படுவதில்லை. தெப்பக்குளத்தை ஒரு தடவை சுற்றினால் சுமார் 1.2 கிலோமீட்டர், மூன்று சுற்று எனக்கு முக்கால் மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. முன்பு வறண்டு கிடந்தபோது பிள்ளைகள் உள்ளே இறங்கி கிரிக்கெட் ஆடிக்கொண்டிருப்பார்கள், இப்போது தண்ணீர் நிற்கிறது, விடிகிற நேரத்தில் மைய மண்டபத்தின் நிழல் அதில் விழுவதைப் பார்ப்பதற்காகவே ஒரு சுற்று கூடப் போகலாம். தைப்பூசத்துத் தெப்பத் திருவிழா அன்று அங்கே கால் வைக்க இடம் இருக்காது, அன்று மொட்டை மாடி. 2020 ஊரடங்கில் மாதக்கணக்கில் மொட்டை மாடிதான்.

மூன்றாவது விஷயம், கேட்பதற்கு ஆள். எதிர்வீட்டு அக்காவிடம் போய், "அக்கா, நான் ஷூ போடாமல் உள்ளே போனால் ஒரு வார்த்தை கேளுங்கள்" என்று சொல்லிவைத்தேன். இரண்டு வாரம் கேட்டார். மூன்றாவது வாரம் அவரே செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

21 நாள் செய்தால் பழக்கமாகிவிடும் என்று எல்லோரும் சொல்கிறார்கள், நீங்களும் கேட்டிருப்பீர்கள். லண்டனில் 96 பேரை 12 வாரம் கவனித்து 2010-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. தினமும் ஒரு செயலை, ஏற்கெனவே தினமும் நடக்கிற ஒன்றோடு சேர்த்துச் செய்யச் சொன்னார்கள். அது யோசிக்காமல் நடக்கிற அளவுக்கு வருவதற்கு ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை ஆகும் என்று கணக்கு வந்தது, நடு அளவு 66 நாள். தண்ணீர் குடிப்பது மாதிரியானவை சீக்கிரம் படிந்தன, உடற்பயிற்சி படிய அதிக நாள் ஆனது. இடையில் ஒருநாள் விட்டதால் பெரிய பாதிப்பு எதுவும் இல்லை என்பதும் அதில் தெரிந்தது. நீங்கள் பதினைந்தாவது நாளில் நிறுத்துகிறீர்கள் என்றால், உங்களிடம் குறை எதுவும் இல்லை, பழக்கம் உருவாக ஆரம்பிக்கிற இடத்தில் எழுந்து வந்துவிடுகிறீர்கள், அவ்வளவுதான்.

என் அத்தை, அதாவது மாமியார், ஆரம்பத்தில் கேட்டார்கள்: "வீட்டு வேலை பார்க்கிறதே எக்சர்சைஸ்தானே, இதுக்குத் தனியா வேற நடக்கணுமா?" நியாயமான கேள்விதான். உட்கார்ந்தே இருப்பதைவிட வீட்டு வேலை எவ்வளவோ நல்லது. ஆனால் பெருக்குவதிலும் பாத்திரம் தேய்ப்பதிலும் எனக்கு மூச்சு வாங்கியதே இல்லை, தோளும் இடுப்பும்தான் வலித்தது. உலக சுகாதார நிறுவனம் சொல்கிற வாரத்துக்கு 150 நிமிடம் என்பது கொஞ்சமாவது மூச்சு வாங்குகிற வேகத்துக்கு. நடக்கும்போது பக்கத்தில் இருப்பவரோடு பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அதுதான் வேகம். அக்காவும் நானும் பேசிக்கொண்டே போவோம், பேச்சு ரொம்ப சுகமாகப் போனால் வேகம் குறைந்துவிட்டது என்று இருவருக்குமே தெரியும்.

நடந்தால் மட்டும் போதும் என்று மூன்று வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன், அது தப்பு. வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கு வேலை கொடுக்க வேண்டும், வயது நாற்பதைத் தாண்டினால் கட்டாயம், மாதவிடாய் நிற்கிற வயதுப் பெண்களுக்கு எலும்புக்காகவும் சேர்த்து. இதை நான் குக்கரோடு கட்டிவிட்டேன். குக்கரை அடுப்பில் ஏற்றினால் மூன்று விசில் வருகிற வரைக்கும் வேறு எங்கும் போக முடியாது. முதல் விசில் வரை, சமையலறை ஸ்டூலிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து எழுந்து உட்காருவேன். அடுத்த விசில் வரை மேடையில் இரண்டு கையையும் ஊன்றி, உடம்பைச் சாய்த்து நெஞ்சை மேடைக்குக் கொண்டுபோய்த் திரும்பத் தள்ளுவேன். மூன்றாவதுக்குக் குதிகாலைத் தூக்கி முன்விரலில் நிற்பேன். முதல் நாள் ஐந்து தடவைதான் எழுந்தேன், தொடை நடுங்கியது. இப்போது நிதானமாகவே இருபது வரும். ஆரம்பத்தில் என் மகள் பார்த்துச் சிரித்தாள், பரீட்சைக்குப் படிக்கிற நாட்களில் இப்போது அவளும் வந்து நிற்கிறாள்.

இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு மாடியில் பத்து நிமிடம் நடப்பதை எதற்காகவும் விடமாட்டேன். தசை வேலை செய்யும்போது இன்சுலினை எதிர்பார்க்காமலே ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். சாப்பிட்ட உடனே சர்க்கரை ஏறுகிற அந்த நேரத்தில் நடந்தால் அது உடனுக்குடன் நடக்கிறது. வீட்டில் சர்க்கரை அளக்கிற கருவி இருப்பவர்கள், தோசை சாப்பிட்டு நடந்த நாளையும் நடக்காத நாளையும் தாங்களே அளந்து பார்க்கலாம், அதைவிடப் பெரிய உற்சாகம் வேறு இல்லை. சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் மட்டும் பயிற்சியைக் கூட்டும் முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், அளவு ரொம்ப இறங்கிவிடவும் வாய்ப்பு உண்டு. நடக்கும்போது நெஞ்சை அழுத்தினால், அன்றைக்கு நடை வேண்டாம், நேராக டாக்டர்தான்.

இதெல்லாம் பயன் தருமா என்று கேட்டால், நம் ஊர் ஆட்களை வைத்தே பார்த்திருக்கிறார்கள். சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் நடத்தி 2006-ல் வெளியான ஆய்வு. என்னைப் போல விளிம்பில் நின்ற 531 பேரை எடுத்துக்கொண்டார்கள். வழக்கம்போல விட்டவர்களில் மூன்று வருடத்தில் 55 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் வந்துவிட்டது. தினமும் அரை மணி நேரம் வேகமாக நடக்கச் சொல்லி, சாப்பாட்டையும் திருத்தச் சொன்னவர்களில் அது சுமார் 39 சதவீதம். மந்திரம் இல்லை, எல்லோருக்கும் தப்பவில்லை. ஆனால் என் அம்மாவின் காலைப் பார்த்த எனக்கு அந்த வித்தியாசம் சின்னதாகத் தெரியவில்லை.

எனக்கு ஒரு வருடத்தில் 6.1 என்பது 5.8 ஆனது. எடை மூன்று கிலோதான் குறைந்தது. எடைக்காக மட்டும் ஆரம்பித்திருந்தால் இரண்டாவது மாதமே விட்டிருப்பேன், ஏனென்றால் அப்போது முள் அசையவே இல்லை. முதலில் மாறியது தூக்கம், அப்புறம் கடையில் மாடிப்படி ஏறும்போது நடுவில் கைப்பிடியைப் பிடித்து நிற்பது நின்றது. காலையில் எழுவது இரவில்தான் முடிவாகிறது என்பதும் அப்போதுதான் புரிந்தது. பதினொன்றரை வரை ஃபோன் பார்த்துவிட்டு ஐந்து மணிக்கு எழ யாராலும் முடியாது. ஃபோன் இப்போது ஹாலில் சார்ஜ் ஏறுகிறது, நான் பத்து மணிக்கே படுத்துவிடுகிறேன்.

நீங்கள் கோலம் போடுகிறவரா இல்லையா என்று எனக்குத் தெரியாது. ஆனால் காய்ச்சலிலும் விடாமல், யோசிக்காமல் செய்கிற ஏதோ ஒன்று உங்களுக்கும் கட்டாயம் இருக்கும். பால் வாங்கப் போவது, பிள்ளையைப் பள்ளி வேனில் ஏற்றிவிடுவது, சாமிக்கு விளக்கேற்றுவது, கடை ஷட்டரைத் தூக்குவது, எதுவானாலும் சரி. ஷூவை அதற்குப் பக்கத்தில் வையுங்கள், ஆறு நிமிடத்தில் போய்த் திரும்புகிற ஒரு இடத்தைப் பார்த்து வையுங்கள், இன்று இரவே தெருவில் ஒருவரிடம் சொல்லிவிடுங்கள்.

போன மாதம் அக்காவுக்கு முழங்கால் ஆபரேஷன் நடந்தது. இன்னும் சில வாரம் அவரால் சுற்றுக்கு வர முடியாது. காலையில் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார், நான் கோலத்தை முடித்து நிமிர்ந்ததும் "ஷூவைப் போடு, ஷூவைப் போடு" என்கிறார். திரும்பி வந்ததும் எத்தனை சுற்று என்று கேட்டு, அவர் வீட்டுக் காலண்டரில் குறித்து வைக்கிறார்.